எடைபோட்ட கடைசிக் குண்டு

ஜான்ஸ்டவுன், பென்சில்வேனியா
1997 ஜூன் 16, திங்கள்

அன்புள்ள தம்பி எமிலுக்கு,

அக்கா டெலோரஸ் எழுதுவது. நானும் உன் அத்தான் ஸ்டானும் நலம். அலாஸ்காவில் நீயும் உன் மீன்பிடிப் படகும் நலமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். நலம் விசாரித்தாயிற்று. இனி என்னால் பொறுக்க முடியாது, சொல்லிவிடுகிறேன். நேற்று ரிவால்வர் தகுதிப் போட்டியில் ஜெயித்துவிட்டேன்! செப்டம்பரில் மாநிலப் போட்டி. அது இருவர் அணி. அந்த இரண்டாவது ஆள் யார் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தை இப்போதே புரட்டாதே.

ஜெயிக்க வைத்தது என் ஈயக் குண்டு. பழைய இலேசான குண்டுகளை விட்டுவிட்டேன், எமில். இப்போது ஒரு குண்டு இருநூறு கிரெய்ன், பதின்மூன்று கிராம் எடை. நானே வார்ப்பது. டயர் கடையில் சக்கரத்திலிருந்து கழற்றிப் போடும் ஈயத் துண்டுகளை வாளியில் அள்ளி வந்து, கார் கொட்டகையில் உருக்கி, அச்சில் ஊற்றுகிறேன். குண்டு கனமாக இருப்பதால் மெதுவாகப் போனாலே போதும். கையை உதைப்பதில்லை, தள்ளுகிறது, அவ்வளவுதான். இலக்காக நிற்கும் அடுத்த இரும்புத் தட்டுக்குக் குறி தானாக வந்து நிற்கிறது. முதல் நாள் சுட்டுப் பார்த்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். ஈய நாற்றம் சட்டைவரை வருகிறது என்று ஸ்டான் முணுமுணுக்கிறார். வாசலில் உட்கார்ந்து பியர் குடிக்க அது ஒரு சாக்கு, வேறென்ன.

நேற்று கிளப்பில் என் குண்டைப் பார்த்ததும் பேர்னி பெகாரெக்குக்குக் கொண்டாட்டம். அவனைத் தெரியுமே, வாய் சும்மா இருக்காது. “அக்கா, இது சுடுறதுக்கா, தூண்டில்ல கட்டுறதுக்கா?” என்று எல்லோரும் கேட்கக் கேட்டான். கிளம்பும்போது பதில் சொல்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

ஆனால் பதில் சொல்ல வாயே இல்லாமல் போகும்படி ஆகியிருக்கும். விதி உனக்கு நினைவிருக்கும்: குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது நூற்றிருபது வர வேண்டும். வராவிட்டால் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் கணக்கில் சேராது. குண்டின் வேகம் அளக்கும் கருவிக்குப் பக்கத்தில் இப்போதும் அதே நடுவர் ஓரெஸ்ட்தான், அதே பச்சைத் தொப்பி. என் பெட்டியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எட்டுத் தோட்டாக்களை எடுத்தார். ஒன்றைப் பிரித்துக் குண்டை எடை போட்டார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு! பிறகு ஆறு சுட்டார். சராசரி வேகம் நொடிக்கு அறுநூற்று நான்கு அடி. பெருக்கிப் பார்த்தால் நூற்றுப் பத்தொன்பதரைக்குச் சற்று மேல். அரைப் புள்ளிக்கும் குறைவில் தவறிப்போனது.

உனக்கு இந்நேரம் காரணம் புரிந்திருக்கும். அச்சு சூடேறுவதற்கு முன் வார்த்த குண்டு உள்ளே பொத்தலாக நிற்கும், எடை குறையும், முதல் பத்தும் சட்டிக்கே திரும்பிப் போகட்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். நான்தான் கஞ்சத்தனத்தில் அதில் நாலைந்தைப் பெட்டியில் சேர்த்துவிட்டேன். ஓரெஸ்ட் கையில் சரியாக அதுதானா சிக்க வேண்டும்?

மிஞ்சியது ஒரு தோட்டா. அதைச் சுட்டு வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் எடை போட்டு, இரண்டு எடையில் கூடியதைக் கணக்கில் வைக்கலாம். ஓரெஸ்ட் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “சுடவா, எடை போடவா? நீதாம்மா சொல்லணும்.”

சுடச் சொல்லு, வேகம் கூடுதலாகக் கிடைக்கும் என்று பேர்னி பின்னால் நின்று ஓதினான். கிண்டல் போன இடம் தெரியவில்லை, பாவம், அவனுக்கும் வியர்த்துவிட்டது. மீதிக் குண்டுகள் எல்லாம் இருநூற்றொன்று என்று எனக்குத் தெரியும். ஆனால் இதுவும் பொத்தல் ஒன்றாக இருந்தால்? “எடை போடுங்க” என்றேன். சுத்தியல் போன்ற அந்தக் கருவியில் தோட்டாவை மாட்டி மூன்று தட்டுத் தட்டினார். குண்டு கழன்று விழுந்தது. தராசு ஆடி ஆடி நின்றது. இருநூற்றொன்று! திரும்பப் பெருக்கினால் நூற்றிருபத்தொன்றுக்கு மேல். ஓரெஸ்டைக் கட்டிப்பிடித்தேன், தொப்பி கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு சுட்டதெல்லாம் கனவு மாதிரி. ஆறு தட்டு, ஆறு குண்டு, ஒன்றுகூட வீணாகவில்லை. கிளம்பும்போது பேர்னியிடம், தூண்டிலில் மீன் மாட்டிவிட்டது என்று சொன்னேன்.

இனி எழுதுவது கஷ்டமான பக்கம். இந்த உற்சாகம் இருக்கும்போதே எழுதினால்தான் உண்டு.

நாலு வருஷத்துக்கு முன் ஜூலையில் உன் ரிவால்வர் வெடித்ததே, அது துப்பாக்கியின் குற்றம் இல்லை. அந்தத் தோட்டாவை வெடிமருந்து நிரப்பித் தயாரித்தது நான். பாதியில் டெலிபோன் அடித்தது. பேசிவிட்டு வந்து, ஏற்கெனவே மருந்து விழுந்த தோட்டாக் கூட்டுக்கே மறுபடியும் மருந்து கொட்டும் நெம்புகோலை இழுத்துவிட்டேன். அந்தப் பழைய மருந்து கொஞ்சூண்டுதான் போடுவது, இரண்டு தடவை விழுந்தும் வெளியே தெரியவில்லை. உனக்கு இது அன்றைக்கே தெரியும். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “துப்பாக்கி பழசு, அவ்வளவுதான்” என்றாய். உன் வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனது. குளிர்காலத்துக்குள் நீ அலாஸ்கா போய்விட்டாய். நான் உன்னிடம் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ போன் செய்யும்போதெல்லாம் பனியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். என்னை மன்னித்துவிடு, தம்பி.

இப்போது போடுவது வேறு மருந்து. பொரி மாதிரி உப்பலாக இருக்கும், ஒரு தடவை விழுந்தாலே பாதிக் கூட்டுக்கு மேல் நிற்கும். இரண்டாவது தடவை விழுந்தால் வழிந்து மேசையெல்லாம் கொட்டிவிடும். என் தப்பு இனி ஒளிந்துகொள்ள முடியாது. அதற்காகவே கடைகடையாகத் தேடி இதைப் பிடித்தேன். தோட்டா போடும்போது டெலிபோன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுகிறேன். ஸ்டான் திட்டுகிறார், திட்டட்டும்.

அணியின் இரண்டாவது பெயரை ஆகஸ்ட் பத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பேர்னி கேட்டான். ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நீ இடது கையாலேயே மீன் அறுக்கப் பழகிவிட்டதாகச் சொன்னாயே, அந்தக் கை போதும். ஐம்பது தோட்டா போட்டு, பெட்டியின் மூடியில் உன் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். ஓரெஸ்ட் எடைபோட்ட அந்தக் கடைசிக் குண்டு இந்த உறையில் இருக்கிறது. வெறும் ஈயம்தான், பயப்படாதே. உன் தராசில் வைத்துப் பார்.

நான் போட்ட தோட்டாவை நீ தொட வேண்டாம் என்று தோன்றினால், தொடாதே. மேசை இருக்கிறது, மருந்து இருக்கிறது, உனக்கு வேண்டியதை நீயே போட்டுக்கொள். நான் கொட்டகைப் பக்கமே வரமாட்டேன். எனக்கு அணியும் வேண்டாம், கோப்பையும் வேண்டாம். நீ வந்தால் போதும்.

கடவுள் உன் இரண்டு கைகளையும் காக்கட்டும்.

இப்படிக்கு
பதிலுக்காகத் தபால்காரர் வரும் வழியைப் பார்த்திருக்கும்
உன் அக்கா
டெலோரஸ்