சிவப்புக் கோட்டில் வெட்டச் சொன்னது நான்தான்

எந்நேரம் வந்து நின்னாலும் ஒரு கேள்வியும் கேட்காமல் எனக்குக் களி போட்ட என் அண்ணிக்கு,

நீங்க போய் மூணு வருஷம் ஆகுது. இத்தனை நாள் எழுதாததுக்கு நேரமில்லைன்னு காரணம் சொல்லலாம். பொய். எழுதினா உண்மையை எழுதணும், அதுக்குத் தைரியம் வரலை. இப்பவும் முழுசா வந்துடலை. ஆனா போன மாசம் நம்ம நிலையத்துல நடந்த ஒண்ணு என்னைப் பிடிச்சு உட்கார வெச்சுடுச்சு.

முதல்ல இங்கத்திச் சேதியைச் சொல்லிடறேன். ஜமுனாமரத்தூர் தையல் நிலையம் நல்லாத்தான் நடக்குது, நான்தான் இன்னும் சூப்பர்வைசர். மெட்ராஸ்ல இருந்து இன்னும் அதே மாதிரி அச்சுத் துணிதான் வருது. ஒரே துணியில மேசை விரிப்பு, தட்டுக்கு அடியில போடறது, சூடு பிடிக்கிற கையுறைன்னு எல்லாத்தையும் படமா அச்சடிச்சு, வெட்டற இடத்துக்குக் கோடும் போட்டு அனுப்பறாங்க. நாம கோட்டுல வெட்டி, நடுவுல பஞ்சு வெச்சு, மெத்தை மாதிரி குறுக்குத் தையல் போட்டு, ஓரத்துக்குப் பட்டி கட்டி அனுப்பறோம். கடல் தாண்டி எங்கேயோ கிறிஸ்துமஸுக்கு அதை விரிக்கிறாங்க. மூணு மெஷினுக்கு மோட்டார் மாட்டிட்டேன். கரண்ட் இருந்தா ஓடுது. இல்லாதப்போ எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கிறாங்க.

முதல் மூட்டையைப் பிரிச்ச அன்னிக்கு நடந்தது ஞாபகம் இருக்கா அண்ணி? துணி பூரா பச்சை மரம், மேல வெள்ளை வெள்ளையா பனி. குப்பு அக்கா எடுத்துப் பாத்துட்டு, "இன்னா இது, சவுக்கு மரத்து மேல உப்பு மூட்டை கொட்டிக்கினு இருக்குது"ன்னாங்க. கையுறையைப் பாத்ததும் நீங்க கேட்டீங்க, "ஏன் தம்பி, வெள்ளக்காரிக்குக் கட்டவிரல் மட்டும்தான் தனியா இருக்குமா?" நான் சிரிக்கலை. வேலையப் பாருங்கன்னேன். அப்பவே நான் அப்படித்தான்.

போன மாசம் நடந்தது இதுதான். ஆலங்காயத்துல இருந்து புதுசா ஒரு பொண்ணு வேலைக்கு வந்திருக்கா. கையுறை ஒண்ணைக் கோடு தப்பி வெட்டிட்டா. உடனே குப்பு அக்கா, "இன்னாடி, வந்தவுடனே சின்னப்பொண்ணு வெட்டு வெட்டிட்ட?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு, "யாருக்கா அந்தச் சின்னப்பொண்ணு?"ன்னு கேட்டா. "இருந்தா ஒருத்தி. ஒரு லாட்டையே நடுவால வெட்டிப் போட்டவ."

நான் பக்கத்துல மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தேன். உங்க முகம் பாக்காத ஒருத்திக்கு உங்க பேரு தப்பு வெட்டுக்கான பேரா அறிமுகம் ஆகுது. நான் எண்ணெய் விட்டுக்கிட்டே இருக்கேன். எண்ணெய் நிரம்பி வழிஞ்சு துணியில கறையாச்சு.

அதனால நடந்ததை நடந்தபடி எழுதறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை. மத்தவங்களுக்குத்தான் தெரியாது.

அந்த லாட், ஒரே ஆர்டருக்கு வந்த மொத்தத் துணியும், நீள மேசை விரிப்பு. ரெண்டு நீள ஓரத்துலயும் மர வரிசை, நடுவுல நெடுக ஒரு சிவப்புக் கோடு. ஒரு வரிசை மரம் நேரா நிக்குது, எதிர் வரிசை தலைகீழா நிக்குது. வெட்டு மேசை இருந்த அந்தச் சின்ன அறையில நாம ரெண்டு பேர்தான் இருந்தோம். நான் பாத்தவுடனே முடிவு பண்ணிட்டேன். அச்சடிச்சவன் இடத்தை மிச்சம் பிடிக்க இப்படிப் போட்டிருக்கான், சிவப்புக் கோட்டுல வெட்டி, ஒரு பாதியைத் திருப்பி வெச்சு ஒட்டுத் தையல் போட்டா எல்லா மரமும் நேரா வந்துடும்னு சொன்னேன்.

நீங்க துணியைக் கையில எடுத்து அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை போய் நின்னு பாத்தீங்க.

"இல்ல தம்பி. மத்த வெட்டுக் கோடெல்லாம் கறுப்பு, வுட்டு வுட்டுப் போட்டுக்கீது. இது சேப்பு, முழுக் கோடு. இது வெட்டறதுக்கு இல்ல, அழகுக்கு."

"தலைகீழா மரம் அழகா?"

"போளூர் ஓட்டல்ல மேசையில எதிர எதிர உக்காந்துதானே சாப்புடறோம்? அவங்களும் அப்படி உக்காந்தா? இந்தாண்ட இருக்கறவங்களுக்கு இந்த மரம் நேரு, அந்தாண்ட இருக்கறவங்களுக்கு அந்த மரம் நேரு."

எவ்வளவு சரியா சொன்னீங்க. இந்த மலையில தரையில இலை போட்டு வரிசையா உட்கார்ந்து சாப்பிடற நமக்கு, ஒரே பக்கம் பாத்த படம்தான் நேர்ப் படம். நீங்க மட்டும் மேசைக்கு எதிர்ப் பக்கமும் போய் நின்னு யோசிச்சீங்க. டிப்ளமோ படிச்ச நான் நின்ன இடத்தை விட்டு நகரலை.

"டிராயிங் நீங்க படிச்சீங்களா, நான் படிச்சேனா?"ன்னு கேட்டேன்.

அதுக்கும் நீங்க கோவப்படலை. "ஒண்ணே ஒண்ணை வெட்டாம தைச்சு மெட்ராசுக்கு அனுப்பிக் கேளேன் தம்பி. ஒரு வாரம்தானே"ன்னீங்க. மொத்தமா ஒரு வேலையில இறங்கறதுக்கு முன்னாடி மாதிரி ஒண்ணு செஞ்சு பாருன்னு பாலிடெக்னிக்ல முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தாங்க. பள்ளிக்கூடமே போகாத நீங்க அதைச் சொன்னீங்க. எனக்கு அந்த வாரமே லாட் கீழே இறங்கணும். "வெட்டுங்க"ன்னேன். நீங்க வெட்டினீங்க. உங்க வெட்டு எப்பவும் போல நூல் பிடிச்ச மாதிரி நேரா இருந்துது. தப்பான இடத்துல அவ்வளவு சுத்தமான வெட்டை நான் பாத்ததில்லை.

துணி அனுப்பற மெட்ராஸ்காரர் ஜீப்ல வந்தார். மூட்டையைப் பிரிச்சு ஒண்ணை விரிச்சார். நடுவுல ஒட்டுத் தையல் மேடு கட்டிக்கிட்டு நிக்குது. மேல தட்டு வெச்சா ஆடும். எல்லாரும் கூடியிருக்க, "இதை யார் வெட்டினது?"ன்னு கேட்டார்.

நான் சொன்ன வார்த்தை இதுதான்: "கட்டிங் அண்ணிதான் பாக்கறாங்க."

அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதனாலதான் அதைவிடக் கேவலமான பேச்சு நான் வாழ்க்கையில பேசினதில்லை. நீங்க என்னைப் பாத்தீங்க. அப்புறம் தரையைப் பாத்தீங்க. அன்னிக்கே உங்களை வெட்டு மேசையில இருந்து எடுத்து, நூல் பிசிறு கத்தரிக்கிற இடத்துல உட்கார வெச்சாங்க.

சாயங்காலம் வூட்டுக்கு வந்தேன். அண்ணன் புளி உலுக்கப் போயிருந்தார். நீங்க களியும் அவரைக் கொழம்பும் வெச்சீங்க. வெச்சுட்டு எதிர் சுவர்ல சாஞ்சு உட்கார்ந்து கேட்டீங்க, "உன் வேல பூடும்னு பயந்துட்டியா?"

நான் களியை உருட்டிக்கிட்டு இருந்தேன்.

"எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே என் தலையில போட்டுக்கினு இருப்பேன். கேக்காமயே தூக்கிப் போட்டுட்டியே தம்பி."

அப்பவாவது மன்னிச்சுக்கோங்க அண்ணின்னு சொல்லியிருக்கலாம். "நாளைக்குச் சரி பண்ணிடறேன்"னு சொன்னேன். ஏதோ பெல்ட் அறுந்த மெஷினைப் பத்திப் பேசற மாதிரி.

ரெண்டு நாள் கழிச்சு அண்ணன் காதுக்குச் சேதி போச்சு. என் எதிர்லயே உங்களைத் திட்டினார். "படிச்ச புள்ள பேரைக் கெடுத்துட்டியே. அவன் மூஞ்சியில எப்படி முழிக்கப் போற?"ன்னார். நீங்க அடுப்பை ஊதிக்கிட்டு இருந்தீங்க. நான் தட்டுல இருந்ததைத் தின்னு முடிச்சேன். ஏன் அண்ணி அப்பக்கூட நீங்க வாயைத் திறக்கலை? நான் சொல்வேன்னு காத்திருந்தீங்களா? எவ்வளவு நாள் காத்திருந்தீங்க?

அடுத்த வருஷம் உங்க கண்ணு மஞ்சளாச்சு. கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சுக்கிட்டே வேலைக்கு வந்தீங்க. கடைசியில போளூர் பஸ்ல இறக்கி, அங்கிருந்து வேலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்போ நாள் கடந்துடுச்சு. பேசறதுக்கு நமக்கு ரெண்டு நாள் முழுசா கிடைச்சுது. நான் ஊசி மருந்தைப் பத்திப் பேசினேன். பஸ் நேரத்தைப் பத்திப் பேசினேன். குளுக்கோஸ் சரியான வேகத்துல சொட்டலைன்னு நர்சம்மாகிட்ட சண்டை போட்டேன்.

போன மாசம் அந்த எண்ணெய்க் கறைக்கு மறுநாள், சாப்பாட்டு வேளைக்கு முன்னாடி, வெட்டு மேசை பக்கத்துல போய் நின்னேன். "அந்த லாட்டை நடுவுல வெட்டச் சொன்னது நான். அண்ணி வேணாம்னாங்க. நான்தான் கேக்கலை"ன்னு சொன்னேன். மெஷின் ஒவ்வொண்ணா நின்னுது.

குப்பு அக்கா கேட்டாங்க, "தெரியாம சொன்னியா, தெரிஞ்சே சொன்னியா?"

"வெட்டச் சொன்னது தெரியாம. அப்புறம் சும்மா இருந்தது தெரிஞ்சே."

அப்புறம் குப்பு அக்கா, "பாவி, அவளை நாங்க இன்னா இன்னா பேசியிருக்கோம். எங்க வாயால பேச வெச்சுட்டியே. சாருன்றதால வுட்டுடுவேன்னு நெனைக்காத"ன்னு ஆரம்பிச்சு, மணி அடிக்கிற வரைக்கும் திட்டினாங்க. நின்னு கேட்டேன். இப்போ யாராவது கோடு தப்பி வெட்டினா "சார் வெட்டு"ங்கறாங்க. என் காதுபடத்தான் சொல்றாங்க. சுருக்குன்னு இருக்கு. இருக்கட்டும்.

ஆனா அதோட முடியலை. அண்ணனுக்கு இன்னும் தெரியாது.

அவர் இப்பவும் சாமைக் கொல்லையில இருந்து வந்து உட்கார்ந்தா, சில நாள் உங்களைப் பத்திப் பேசுவார். நல்லவ, கை வேலைக்காரி, அந்த ஒரு தப்புதான் பண்ணிட்டாம்பார். நான் தலையாட்டுவேன். இதை எழுதறப்போ வந்து எட்டிப் பாத்து, "இன்னா எழுதற?"ன்னு கேட்டார். ஆபீஸ் கடிதம்னேன். பாத்தீங்களா, இன்னும் திருந்தலை.

இதை ஒரு மாத இதழுக்கு அனுப்பப் போறேன். நம்மளைத் தெரியாதவங்க எல்லாம் படிப்பாங்க. அண்ணனுக்கு மட்டும் படிக்கத் தெரியாது. அது எனக்கு எவ்வளவு வசதின்னு இந்தப் பக்கத்தை எழுதறப்பதான் உறைக்குது. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, சொல்ல வேண்டிய ஒருத்தர்கிட்ட இருந்து தப்பிச்சுக்கிற மாதிரி ஆயிடும்.

அதனால தபால்ல சேர்க்கறதுக்கு முன்னாடி, வர்ற ஞாயித்துக்கிழமை பகல்ல, அண்ணனை உட்கார வெச்சு நானே இதை வாசிச்சுக் காட்டுவேன். அவர் உங்களைத் திட்டின இடம் வரும். அவர் கேட்டா, அதை ரெண்டு தடவை படிப்பேன். கை ஓங்கினா ஓங்கட்டும், முடிச்சுட்டுத்தான் எழுந்திருப்பேன். ஒரு வரியைக்கூடத் தாண்ட மாட்டேன் அண்ணி, இந்த வரி உட்பட.

நீங்க தம்பின்னே கூப்பிட்ட உங்க கொழுந்தன்,
காளியப்பன்