இலவசமாகக் கிடைத்த அறிக்கை

என் அன்பானவளுக்கு,

நீ அனுப்பிய மருந்து வந்தது. அங்கே நோயாளிகளைத் தனியாகத் தூக்காதே. ஒரு வீட்டுக்கு ஒரு முதுகு போனது போதும்.

ஊனத்துக்கான உதவித்தொகை என்ன ஆயிற்று என்று மூன்று கடிதமாகக் கேட்கிறாய். சொல்லிவிடுகிறேன்.

நான் சாரத்திலிருந்து விழுந்ததைப் பற்றி டாக்டர் அறிக்கை தரவேண்டும். ஆஸ்பத்திரி கவுன்ட்டர் பெண் அதற்குக் கட்டணம் கேட்டாள். அதை உதவித்தொகை அலுவலகமே கொடுத்துவிடும், விண்ணப்பித்தவரிடம் வாங்கக் கூடாது என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. காட்டினேன்.

"எல்லாரும் கட்டிட்டுத்தான் போறாங்க. நீங்க மட்டும் ஏன் சட்டம் பேசுறீங்க?"

"எல்லாரும் படிச்சிருக்க மாட்டாங்கம்மா. நான் படிச்சேன்."

முக்கால் மணி நேரம் நின்றேன். உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டுமே, அந்தக் கூட்டத்தில் யாரிடம் கை நீட்டுவது? கடைசியில் டாக்டரே வெளியே வந்து, "இவர்கிட்ட எதுவும் வாங்காதீங்க" என்று சிரித்தார். ஜெயித்த மிதப்பில் வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாள் பாயை விட்டு எழவில்லை.

நேற்று அறிக்கையின் நகல் வந்தது. 'முக்கால் மணி நேரம் நின்றபடியே தெளிவாக வாதிட்டார். வேலை செய்யத் தகுதியானவர்.' விண்ணப்பம் தள்ளுபடி. மனுஷன் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார். பாயில் கிடந்ததை யார் பார்த்தார்கள்?

மேல்முறையீட்டுக்கு வேறொரு டாக்டரின் அறிக்கை வேண்டுமாம். அதற்கு நாம்தான் கட்டவேண்டும். விடுமுறைக்கு நீ வர டிக்கெட்டுக்கென்று ஒதுக்கியதைத் தவிர வீட்டில் வேறு பணம் இல்லை.

மகள் நாள்காட்டியில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே எழுதிவிடு.

உன் வீட்டுக்காரன்