தடியன் கடைசியாக எறிந்த மட்டை

என் ஆசை அத்தானுக்கு,

இன்று காலை தடியன் தன் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டான். நீங்கள் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பீர்கள், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அடித்தானா இல்லையா என்று இப்போதே அவசரப்படாதீர்கள். ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

அடுத்த செய்தி, யாழினிக்கு வயிற்றில் பிள்ளை. உங்கள் மகள் தாயாகப் போகிறாள் அத்தான். முந்தின பிள்ளை தங்காமல் போனது உங்களுக்குத் தெரியும்தானே, அதனால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரிகிறோம். பிறக்கும்வரை ஒரு சனத்துக்கும் வாய் திறக்கக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. உங்களுக்கு எழுதட்டுமா என்று போன கிழமை கேட்டேன். "அவருக்கு எழுது. அவர் இனி ஆரிட்டப் போய்ச் சொல்லப்போறார்?" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டார். இன்று காலை வரைக்கும் அந்தக் கட்டளை அப்படியே இருந்தது.

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு அடிக்கிற நினைவு மலரில் இந்தக் கடிதமும் வரும். சாப்பாட்டுக்கு முதல் மலரைப் புரட்டுகிற சனம், "உது ஆர் தடியன்?" என்று என்னைப் பிடித்துக் கேட்கும். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தடியன் கொரியாக்காரன், பேஸ்பால் ஆடுகிறவன். சொந்தப் பெயர் உங்கள் வாயில் கடைசிவரை நுழையவில்லை. உடம்பைப் பார்த்து நீங்களாக வைத்த பெயர்தான் தடியன். புவாண்ட்-கிளேர் களஞ்சிய வேலையை முதுகு நோவால் விட்டபிறகு, வீட்டுக்குக் கிட்ட இருக்கிற டெப்பனரில், அதுதான் அந்த மூலைக்கடையில், காலை வேலைக்குச் சேர்ந்தீர்கள். கடைக்காரர் பார்க் அண்ணை கொரியாக்காரர். கொரியாவில் பின்னேர ஆட்டம் தொடங்கும்போது இங்கே விடியப் பார்க்கும். கல்லாவுக்கு மேலே இருந்த சின்ன டிவியில் அவர் ஆட்டத்தைப் போட, நீங்கள் பால் அடுக்கியபடி பார்ப்பீர்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த பிரெஞ்சு மட்டும். அதை வைத்துக்கொண்டு எப்படித்தான் அவ்வளவு கதைத்தீர்களோ!

"எங்கட கிரிக்கெட்டுக்குக் கிட்டவும் வராது" என்றுதான் முதலில் சொன்னீர்கள். பிறகு தடியன் வந்தான். பெலமாகச் சுழற்றுவான், பந்து படாது என்று முதல் அணி அவனைக் கழித்துவிட்டிருந்தது. இரண்டாவது அணியின் பயிற்சியாளர்தான், எத்தனை தரம் தவறினாலும் பரவாயில்லை, சுழற்றுவதை மட்டும் நிறுத்தாதே என்று ஒவ்வொரு நாளும் அவனை இறக்கினார். அந்த வருஷம் பந்துகள் வேலியைத் தாண்டிப் போகத் தொடங்கின. பிறகு சில வருஷங்கள் அந்த நாட்டில் அவனைவிட ஹோம் ரன் அடிக்க ஆள் இல்லை. ஹோம் ரன் என்றால் எங்கள் சிக்ஸ் மாதிரி என்று எனக்கு விளங்கப்படுத்தினீர்கள். அக்காவுக்கு விளங்கப்படுத்தப் போய் நன்றாக வாங்கிக் கட்டினீர்கள்.

உங்களை மயக்கியது அவனுடைய அடி இல்லை, அடித்த பிறகு நடப்பதுதான். பந்து தாண்டப் போகிறது என்று தெரிந்ததும் கொரியாவில் மட்டையைத் தூக்கி மேலே எறிவார்கள். தடியனின் மட்டை சுழன்று சுழன்று போகும். சனம் எழும்பி நின்று பாடும். அங்கே ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் தனியாக ஒரு பாட்டு இருக்கிறது. தோற்றுக்கொண்டிருந்தாலும் பாடுவார்கள். தடியனின் பாட்டை நீங்கள் அர்த்தம் தெரியாமலே பாடமாக்கிக் குளியலறையில் பாடி, வீட்டை இரண்டாக்கினீர்கள்.

பிறகு அவனை அமெரிக்கா கூப்பிட்டது. அங்கே மட்டை எறிவது பந்து போடுகிறவரை அவமதிக்கிற மாதிரி. எறிந்தால் அடுத்த பந்து விலாவுக்கு வரும். அவன் அங்கே முதல் ஹோம் ரன் அடித்த பின்னேரம் நானும் கடையில் நின்றேன். நித்திரையான பிள்ளையைக் கிடத்துவதுபோல் மட்டையைக் குனிந்து நிலத்தில் வைத்துவிட்டு ஓடினான். "பார் வதனி, பெடியனைச் சந்தோஷப்படவும் விடுறாங்களில்லை!" என்று நீங்கள் கத்தியதில், பியர் வாங்க வந்த ஒருவர் போத்தலைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அங்கே அவனுக்குச் சரிவரவில்லை. பந்து வேகம் அதிகம், மணிக்கட்டும் போனது, சின்ன அணிகளுக்கு அனுப்பினார்கள். கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பினான். ஊரில் அடித்த முதல் ஹோம் ரன்னுக்கும் பழக்கதோஷத்தில் மட்டையை மெல்லக் கீழே வைத்தானாம். மைதானம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதாம். நீங்கள் பால் பெட்டிக்கு மேலே குந்தியிருந்து அழுததை பார்க் அண்ணை செத்தவீட்டில்தான் எனக்குச் சொன்னார். எங்களுக்கு ஏன் அத்தான் சொல்லவில்லை?

அதற்குப் பிறகு வந்த ஹோம் ரன்னுக்கு அவன் பழையபடி எறிந்தான். அந்தப் புளுகத்தில், சந்தோஷம் தாங்காமல், பார்க் அண்ணை உங்களுக்கு ஒரு மர மட்டை வாங்கித் தந்தார். அதோடு தொடங்கியது உங்கள் கூத்து. நல்ல செய்தி என்ன வந்தாலும் பின்வளவுக்குப் போய் மட்டையை எறிவீர்கள். யாழினி பட்டம் எடுத்ததற்கு எறிந்தீர்கள், எனக்கு லைசென்ஸ் கிடைத்ததற்கும் எறிந்தீர்கள். பக்கத்து வீட்டு மதாம் வேலிக்கு மேலால் எட்டி, "சா வா, மொசியே?" என்று பயந்துபோய்ச் சுகம் கேட்பார். "சா வா, சா வா" என்று சிரிப்பீர்கள். அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போவார்.

உங்களுக்கு ஒரு குணம், பந்து வேலியைத் தாண்டுமுன்பே எறிந்துவிடுவீர்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடிய எடுத்த ஸ்கானைப் பார்த்த டாக்டர், நல்லாயிருக்கிறது, ஆனால் இன்னொருமுறை எடுத்துப் பார்த்துத்தான் முடிவாகச் சொல்லலாம் என்றார். "ஆனால்" என்பதற்குப் பிறகு வந்தது உங்கள் காதில் ஏறவில்லை. வருகிற வழியிலேயே ரோல்ஸுக்கும் கேக்குக்கும் சொல்லிவிட்டீர்கள். ரொறொன்ரோ, லண்டன், யாழ்ப்பாணம் என்று போன் பறந்தது. லவாலில் இருந்து நான் மெட்ரோ பிடித்து வந்து சேருவதற்குள் மட்டை எறிந்து முடிந்து, வீடு நிறையச் சனம்.

இரண்டாவது ஸ்கான் வேறு கதை சொன்னது. நீங்கள் மருந்து மயக்கத்தில் கிடந்தீர்கள். அக்காதான் கட்டில் ஓரத்தில் இருந்து ஒவ்வொருவராகப் போன் எடுத்தார். "அண்டைக்குச் சொன்னது சரியில்லை, திரும்ப வந்திட்டுது" என்று அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கத்தில் அவர்கள் அழ, இவர் ஆறுதல் சொன்னார். நான் கதவடியில் நின்று பார்த்தேன் அத்தான். அதன் பிறகு பனிக்குள்தான் உங்களைக் கொண்டு போனோம். அக்கா மட்டையை எடுத்து நிலவறையில், பழைய ஹீட்டருக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

ஆகவே யாழினியின் விஷயத்தில் அவர் வாய்க்குப் பூட்டுப் போட்டதற்கு நான் என்ன சொல்ல? பிள்ளை பாவம். வயிறு தெரியத் தொடங்கியும், கோயிலுக்கு வராமல், பெரிய கோட்டுக்குள் ஒளிந்து திரிந்தாள். "சித்தி, எனக்கே இது களவு செய்யிற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொல்லி அழுதாள். அக்காவிடம் சொன்னேன். "பிறக்கட்டும், பேந்து பார்ப்பம்" என்றார். அதற்கு மேல் கதைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

இனி இன்று காலைக்கு வருகிறேன். இந்தப் பருவத்தோடு தடியன் ஓய்வு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். போகிற ஊரெல்லாம் எதிரணிக்காரர்களே அவனுக்குப் பரிசு கொடுத்து வழியனுப்பினார்கள். கடைசி ஆட்டத்தை உங்கள் வீட்டில், உங்கள் கதிரையில் இருந்துதான் பார்ப்பது என்று நேற்றே வந்து படுத்துவிட்டேன். விடியப்புறம் டிவியைப் போட்டேன். சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தேன். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அக்கா போர்வையைப் போர்த்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்ன, இண்டைக்கோ கடைசி?"

"ஓம் அக்கா."

"தள்ளி இரு."

உங்கள் ஆட்டத்தை ஒருநாளும் பாராத மனுசி, என் பக்கத்தில் இருந்து வாய் திறக்காமல் பார்த்தார். தடியனுக்கு நரை விழுந்துவிட்டது அத்தான், ஓட்டமும் இல்லை. முதல் முறை பந்து படவில்லை. அடுத்த முறையும் இல்லை. வெளியே நல்லாய் விடிந்து, பள்ளிக்கூட பஸ்கள் போகத் தொடங்கிய நேரம் அவன் கடைசியாக மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பந்து போடுகிற இளம் பெடியன் முதலில் தொப்பியைக் கழற்றிக் குனிந்து அவனுக்கு மரியாதை செய்தான்.

அடித்தான். சத்தத்திலேயே தெரிந்தது. நான் எழும்பிவிட்டேன். அவன் பந்தைப் பார்த்தபடி மட்டையைத் தூக்கி எறிந்தான், என்ன உயரம்! பந்து போனது, போனது, கடைசியில் வேலியடியில் நின்றவனின் கைக்குள் விழுந்தது. ஆட்டமிழந்தான்.

ஐயோ என்று தலையில் கையை வைத்தேன். தடியன் பாதி வழியில் நின்று, வெட்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சனமும் சிரித்தது. பிறகு முழு மைதானமும் எழும்பி அவனுடைய பாட்டைப் பாடத் தொடங்கியது. அவன் திரும்பி நடந்து வந்து, எறிந்த மட்டையைத் தானே பொறுக்கி, நாலு பக்கமும் குனிந்து கும்பிட்டான். பாட்டு நிற்கவே இல்லை.

"பந்தைப் பிடிச்சிட்டாங்கள்தானே?" என்று அக்கா கேட்டார்.

"ஓம்."

"பேந்து ஏன் பாடுறாங்கள்?"

"தெரியேல்லை அக்கா."

அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "உவரும் இப்பிடித்தான், விசர் மனுசன்" என்றார். "எல்லாருக்கும் நான்தானே திரும்பச் சொன்னனான், அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகேல்லை வதனி. ஆனா அந்த ஒரு மாசம் அவர் நல்லாச் சாப்பிட்டவர். இரவில நித்திரை கொண்டவர். ரோல்ஸை ஒளிச்சு ஒளிச்சுத் திண்டவர். நான் அண்டைக்கு அவற்றை வாயைப் பொத்தியிருந்தா அந்த மாசமும் இல்லாமப் போயிருக்கும்."

நழுவிய போர்வையை அக்காவின் தோளில் இழுத்துவிட்டேன்.

போனை எடுத்தார். முதலில் யாழினிக்கு. "பிள்ளை, நான் ஆக்களுக்குச் சொல்லப்போறன். சொல்லட்டோ?" அந்தப் பக்கத்தில் அவள் அழுததும் சிரித்ததும் எனக்குக் கேட்டது. அடுத்தது யாருக்கென்று நினைக்கிறீர்கள்? பார்க் அண்ணைக்கு! தடியனுக்காக அழுதுகொண்டு கடையில் தனியே இருந்திருக்கிறார் மனுசன். அக்கா தன்னுடைய பிரெஞ்சில் மகள், குழந்தை, வசந்தகாலம் என்று மூன்று சொல்லைச் சொல்லிவிட்டுத் திணறினார். அவருக்கு விளங்கிவிட்டது. உங்களிடம் படித்த ஒரே தமிழில் "ஓம்! ஓம்! ஓம்!" என்று கத்தினார். அதற்குப் பிறகு ரொறொன்ரோ, லண்டன், யாழ்ப்பாணம் என்று அதே வரிசை.

எல்லாம் முடிய நிலவறைக்குப் போனார். ஹீட்டருக்குப் பின்னால் கை விட்டு மட்டையை எடுத்து, தூசியைச் சட்டையில் துடைத்து, செருப்போடு பின்வளவுக்குப் போனார். அக்காவுக்கு எறியத் தெரியாது. மட்டை அவரின் தலையுயரம்கூடப் போகவில்லை, காய்ந்துபோன தக்காளிப் பாத்திக்குள் விழுந்தது. மதாம் வேலிக்கு மேலால் எட்டி, நீங்கள் போனபிறகு முதல்முறையாக, "சா வா, மதாம்?" என்று கேட்டார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு, "சா வா" என்றார்.

யாழினி பின்னேரம் வருகிறாள், அந்தப் பெரிய கோட்டை வீட்டில் விட்டுவிட்டு. ரோல்ஸுக்குச் சொல்லியாயிற்று.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன் அத்தான். பந்து இன்னும் ஆகாயத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். பிள்ளை சுகமாக வந்தால், முதல் ஆளாக உங்கள் மட்டையை எறிவது நான், மதாமின் வேலி உடைந்தாலும் சரி. கடவுளே, அப்படி நடக்காமல் போய், எல்லோருக்கும் திரும்பப் போன் எடுத்துச் சொல்லவேண்டி வந்தால், இந்த முறை அக்கா தனியே எடுக்கமாட்டார். நான் கதவடியில் நிற்கமாட்டேன். கட்டில் ஓரத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, பாதிப் பேருக்கு நான் சொல்லுவேன்.

மட்டையை இனி நிலவறையில் வைக்கப்போவதில்லை. பின்கதவோடு சாத்தி வைத்திருக்கிறோம்.

லைசென்ஸ் எடுத்தும் இன்னும் மெட்ரோவில் திரிகிற,
உங்கள் சின்ன மச்சாள்
வதனி