கண்ணாடிப் பொட்டிக்குள்ள பூங்கோதை பேரு

அன்புள்ள மவன் பிரவீனுக்கு அம்மா எழுதறது. பழமலைநாதர் புண்ணியத்துல எனக்கும் அப்பாவுக்கும் ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுதான் ஆடிப்போயி கெடக்குது. நீ அங்க வேளைக்குச் சாப்புடு. போன்ல பேசுனா அக்கம்பக்கம் கேக்கும்னுதான் எழுதறேன்.

நம்ம ஷெட்டுல பீங்கான் பொம்மைக்குக் கண்ணு எழுதுற பூங்கோதையும் பாக்கிங் பண்ற ஜெயராஜும் ரிஜிஸ்தர் கல்யாணத்துக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. வேற வேற மதம், ஆனா ரெண்டு பேரும் மேஜரு. அதுக்கு ரிஜிஸ்தர் ஆபீஸுல அவங்க பேரு, விலாசமெல்லாம் நோட்டீஸா அடிச்சு, யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்னு கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒரு மாசத்துக்கு ஒட்டி வெச்சிட்டாங்க. சட்டமே அப்படித்தானாம், எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. கொளஞ்சியப்பர் கோயில்ல நம்ம கொறைய சீட்டுல எழுதிப் பிராது கட்டுறோமே, அந்தச் சாமிகூட அத வெளிய சொல்லாது. உங்கப்பாவைத்தான் தெரியுமே, ரிடையர் ஆனதுலேருந்து எந்த ஆபீஸு போர்டா இருந்தாலும் நின்னு படிச்சுட்டுத்தான் வருவாரு. இத படிச்சுட்டு நேரா பூங்கோதையோட அப்பா கோவிந்தராசுகிட்ட போயி, மவளுக்குக் கல்யாணமாமே, ரொம்ப சந்தோஷங்கன்னு கை குடுத்திருக்காரு. சர்க்காரே ஒட்டுனா அது ஊருக்குச் சொல்லத்தானேன்னு நெனச்சாராம். பெத்தவருக்கு அப்பதான் விஷயமே தெரியும். அன்னிக்கே பொண்ண உள்ள வெச்சுப் பூட்டி போனையும் புடுங்கிட்டாங்க. அதக் கேட்டு அப்பா சோத்துல கை வெக்கல. சர்க்காரு ரோடு போடட்டும், தண்ணி விடட்டும், திருடனப் புடிக்கட்டும், ரெண்டு பெரியவங்க ஒத்துக்கிட்டதுல அதுக்கு என்ன வேலைன்னு நீ கத்துவியே, பேசாம சாப்புடுன்னு அடக்குவேன். இப்ப அதையேதான் பொழுதன்னிக்கும் நான் பொலம்புறேன்.

கொலு ஆர்டரு நிக்குது, கண்ணில்லாத பொம்மைய எவன் வாங்குவான்னு கோவிந்தராசுகிட்ட மல்லுக்கட்டி அவள ஷெட்டுக்குக் கூட்டியாந்தேன். வந்தவ திரும்பிப் போவல, உன் ரூம்புலதான் இருக்கா. மாசம் முடியணும், கையெழுத்துப் போடணும், அதுவரைக்கும் அவ இங்கதான். அப்பா போர்டு படிக்கப் போறத விட்டுட்டு வாசப்படிய மறிச்சு நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. நேத்து கோவிந்தராசு வந்து நின்னப்ப, அவளா வந்தா கூட்டிட்டுப் போங்க, இழுத்துட்டுப் போவ மட்டும் விடமாட்டேன்னுட்டாரு. அவ வெளிய வரல.

கொளஞ்சியப்பர் உனக்குத் தொணையா இருப்பாரு, தீர்க்காயுசா இருடா சாமி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. உன் மனசுல யாராவது இருந்தா யாரா இருந்தாலும் எங்ககிட்ட மொதல்ல சொல்லிடு. உங்கப்பா அத போர்டுல படிக்க வேணாம்.

இப்படிக்கு,
உன் அம்மா செல்வநாயகி,
விருத்தாசலம்.