மூன்றாவது வரியின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி

அண்ணா,

உன் பழைய லேப்டாப்பில்தான் இதை எழுதுகிறேன். அதன் விசிறி இன்னும் அதே இரைச்சல் போடுகிறது. திரையில் என் ஸ்கேன் அறிக்கை திறந்திருக்கிறது. தாளின் பின்னணி இளநீலம். கடைசியில் மருத்துவரின் கருத்து என்று இரண்டு வரிகள். அவற்றுக்கும் கையெழுத்துக்கும் நடுவே ஒரு பட்டை அளவுக்கு நீலம் இல்லை, சுத்த வெள்ளை.

வேறு யாராவது பார்த்தால் அச்சுக் கோளாறு என்று விட்டிருப்பார்கள். எனக்கு அந்த வெள்ளையைத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் உன் அறிக்கையில் நான் போட்டதும் அதுதான்.

மறைமலை நகர் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்த உனக்கு, கையில் கிடைத்த எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கினால்தான் நிம்மதி. கரண்ட் பில், ரேஷன் கார்டு, அண்ணி சொல்லச் சொல்ல நீ டைப் அடித்த சாம்பார்ப் பொடி அளவுகூட. அதற்காக நீ இலவசமாக இறக்கிய மென்பொருளை நான் நம்பவில்லை. "சும்மா குடுக்கிறவன் எதையாவது எடுத்துக்காம விடுவானா?" என்றேன்.

"எம்.ஃபில். அம்மா, கோயில்ல சுண்டல் குடுத்தா மட்டும் கேள்வி கேக்காம ரெண்டு கையையும் நீட்டுறியே?" என்று சிரித்தாய். "எக்ஸ்போர்ட்டுன்னு இருக்கு பாரு, அதை அமுக்கு. அவ்ளோதான். இனிமே யார் கம்ப்யூட்டர்ல திறந்தாலும் ஒரு எழுத்து இடம் மாறாது."

ஸ்கேன் எடுக்கப் போனபோது படிவத்தில் உன்னுடையதற்குப் பதிலாக என் மின்னஞ்சலை எழுதினாய். "நீ பாத்துட்டு எனக்கு அனுப்பு. எனக்கு டாக்டர் இங்கிலீஷ் வராது" என்றாய். இங்கிலீஷ் வராதவன் இல்லை நீ. பயந்துவிட்டாய்.

பொத்தேரியில் கல்லூரி ஆசிரியர் அறையில் இருந்தபோது உன் அறிக்கை வந்தது. மருத்துவரின் கருத்தில் மூன்றாவது வரியில், புற்று கல்லீரலுக்கும் பரவியிருப்பதாக எழுதியிருந்தது. யாரையும் கேட்கவில்லை. அதே மென்பொருளில், படம் வரையும் பகுதியில் அறிக்கையைத் திறந்து, அந்த வரியின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டியை இழுத்து வைத்தேன். முதலில் பெட்டியைச் சுற்றிக் கோடு தெரிந்தது. கோட்டை எடுத்தேன். நீ சொன்ன அதே எக்ஸ்போர்ட்டை அமுக்கி உனக்கு அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டாய். "பாத்துட்டேன்மா. பெருசா ஒண்ணும் இல்ல போல. நீ சாப்டியா?"

நம்பினேன். எதையும் எளிதில் நம்பாத நான், அதை மட்டும் அப்படியே நம்பினேன். ஐந்து மாதம் ஞாயிறுதோறும் தாம்பரத்திலிருந்து பொழிச்சலூருக்கு வந்து, உன் வீட்டு மாடிப்படியில் நின்று முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் மணியடிப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீயும் அதையே செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

உன் காரியம் முடிந்தபின் அண்ணி இந்த லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார். அறிக்கைகள் ஃபோல்டரில் ஒரு பக்கக் கோப்பு இருந்தது. பக்கம் முழுக்க காலி. உச்சியில் அந்த மூன்றாவது வரி மட்டும். கோப்புக்கு நீ வைத்த பெயர் 'தங்கச்சி மறைச்சது'. சேமித்த நேரம், நீ என்னைக் கூப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு. பெட்டி எழுத்தை மூடும், அழிக்காது; மவுஸால் இழுத்து, நகலெடுத்து, வேறு தாளில் ஒட்டினால் அப்படியே வந்துவிடும். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதையும் பிடிஎஃப் ஆக்கித்தான் வைத்திருந்தாய்.

போன வாரம் என் ஸ்கேன் படிவத்தில் நானும் என் மகளின் மின்னஞ்சலை எழுதினேன். உன்னைப் போலத்தான், பயத்தில். இன்று காலை இந்த லேப்டாப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அனுப்பிட்டேம்மா. நார்மல்தான். நான் குளிக்கப் போறேன்" என்று எழுந்து போனாள். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்த வெள்ளையின் மேல் மவுஸை இழுத்துப் பார்த்துவிட்டேன், அண்ணா. இழுத்த இடம் நிறம் மாறுகிறது. வெறும் தாள் அப்படி மாறாது. அடியில் ஏதோ ஒரு வரி இருக்கிறது. 'பாத்துட்டேன்டி, பெருசா ஒண்ணும் இல்ல போல.' இது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இதைச் சொன்னால் அவள் நம்புவாள். நான் உன் மாடிப்படியில் நின்றதுபோல, அவளும் என் கதவுக்கு வெளியே முகத்தைச் சரிசெய்துகொண்டு நிற்பாள்.

எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய்க் குளியலறைக் கதவைத் தட்டினேன். வெளியே வந்தாள். தலை நனையவே இல்லை. திரையைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"உங்க மாமாவுக்கு நானும் இதைத்தான்டி செஞ்சேன்."

"மாமாவுக்குத் தெரிஞ்சுதா?"

"இருபது நிமிஷத்துல. கடைசிவரைக்கும் எங்கிட்ட சொல்லல. நானும் கேக்கல."

இப்போது என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். உன் ஒரு வரிக் கோப்பை நான் அழிக்கவில்லை. அதன் கீழேயே புதிதாக ஒரு காலித் தாளைத் திறந்து வைத்திருக்கிறேன். மவுஸை வாங்கி, வெள்ளைக்கு அடியில் இருக்கும் வரியை அவளே நகலெடுக்கிறாள். "ஒட்டட்டுமாம்மா?" என்கிறாள்.

ஒட்டச் சொல்லிவிட்டேன். சத்தமாகப் படிக்கவும் சொல்லியிருக்கிறேன்.