வேளிக் காயலில் கிளுவைக் கூட்டம்

கரமனை,
ஞாயிறு மாலை, ஜனவரி 1953

நமஸ்காரம். நான் சௌக்கியம். நாகர்கோவில் கேம்ப்பில் நீங்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும், முக்கியமாக இதைப் படித்து முடித்த பிறகு.

இன்று காலை எதிர்வீட்டு மங்கலத்தோடு வேளிக் காயலுக்குப் பறவை பார்க்கப் போனேன். கிளுவை வாத்துகள் வந்துவிட்டன. தண்ணீரே தெரியாதபடி அத்தனை. தோணியிலிருந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தபோது, கரைப் புதரில் ஒருவர் துப்பாக்கியை உயர்த்துவது தெரிந்தது. உங்கள் சூப்பிரண்டு.

மங்கலமும் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். "பேசாம உக்காருடி. ஒங்காத்துக்காரர் பிரமோஷன் அவர் கையிலேன்னா இருக்கு" என்றாள்.

நான் எழுந்து நின்று பலமாகக் கை தட்டினேன். கூட்டம் மொத்தமும் கிளம்பிக் கடல் பக்கம் போய்விட்டது. அவர் சுட்டது வெறும் ஆகாயத்தை.

"யாராக்கும் நீங்க? யாருக்க சம்சாரம்?" என்று கத்தினார். உங்கள் பெயரையும் செக்‌ஷனையும் தெளிவாகச் சொன்னேன்.

பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நாம் வெறுங்கையோடு திரும்பிய வருஷம், நான் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தேன். அப்போது இந்தப் பைனாகுலரை வாங்கி வந்து, என்னைக் காயலுக்கு அழைத்துப் போனது நீங்கள்தான். நீங்கள் முதலில் காட்டியதும் கிளுவைகளைத்தான். அவை செத்து விழுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

சூப்பிரண்டு கேட்டால் என் சார்பில் வருத்தம் தெரிவிக்க வேண்டாம். எனக்கு வருத்தமில்லை.

சனிக்கிழமையே வந்துவிடுங்கள். மங்கலம் இனி என்னோடு வரமாட்டாளாம். ஞாயிற்றுக்கிழமைத் தோணியில் அவள் இடம் உங்களுக்கு.

உங்கள் ஆத்துக்காரி