சாம்பிராணி போட்ட கிளட்ச்

ஆனி 17, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். கொடியில் நேற்றுப் போட்ட வேட்டி நேற்றைவிட ஈரம்.

குற்றாலம் போய் வந்தோம் என்று எழுத ஆசை. பாதி வழிதான். ஐந்தருவி மேட்டில் மோட்டார் சைக்கிள் மக்கர். என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. "கிளட்ச் வழுக்குது" என்றார் அவர். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் தள்ளினேன். எதிரே மாட்டுவண்டியில் வந்த ஒருவர், "ஓவர்சியரய்யா, வண்டி மேல நீங்க போறியளா, ஒங்க மேல வண்டி போகுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவன் மாடு நாளை படுத்துக்கொள்ளட்டும்.

மலை எஸ்டேட் துரை கப்பலேறும்போது விட்டுப்போன வண்டி. ரோடு ஓவர்சியர் வேலைக்கு வசதி என்று அவர் வாங்கினார். எனக்கு அதைப் பிடிக்கக் காரணம் வேறு. வீடு நிறைய ஆட்கள். பகலில் அவர் என்னோடு பேசினால் நாலு தலை திரும்பும். கூப்பிட வேண்டுமானால் வெறும் "இந்தா". வண்டி ஊரைத் தாண்டியதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது. நாங்கள் புருஷன் பெண்சாதியாகப் பேசிக்கொள்வது அந்த இருக்கையில் மட்டும்தான். ஞாயிறுதோறும், குற்றாலநாதர் தரிசனம் என்று பெயர். "கோயிலுக்குத்தானே, போயிட்டு வரட்டும்" என்று மாமாவிடம் சொல்லி அனுமதி வாங்கித் தந்தது அவர் அம்மா, என் அத்தை.

ஆனி 19, செவ்வாய்

தோசைக்கு அரைத்தது. உளுந்து காணாது. இட்லி சந்தேகம்.

சாயங்காலம் கிளட்ச் கம்பியைப் பார்த்தார். ரொம்ப இறுக்கமாம். பிடியை விட்ட பிறகும் கிளட்ச் பாதி அமுங்கியே நிற்கிறதாம். தளர்த்தினார். இலஞ்சி வரை போனார். திரும்பி வந்த முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ரசம் இரண்டு கரண்டி கூட ஊற்றினேன்.

ஆனி 21, வியாழன்

மழை. அடுப்பு புகை. கண் எரிச்சல்.

இன்று ஸ்பிரிங். எல்லாவற்றையும் முறுக்கி இறுக்கினார். இப்போது பிடியை அமுக்க இரண்டு கை வேண்டும். வண்டி அப்படியும் வழுக்கல். கொட்டகைக்குள்ளிருந்து அவர் முனகியதை எழுத முடியாது.

ராத்திரிச் சாப்பாட்டில் மாமா: "ஏலே, ஊரு சிரிக்குது. வர்ற ஞாயித்துக்கெழம அந்த மேட்ட ஏறிச்சுன்னா இருக்கட்டும். இல்லேன்னா திங்கக்கெழம செங்கோட்டைத் தரகர வரச் சொல்லியிருக்கேன். ஓட்டிட்டுப் போகட்டும்." அவர் தலை நிமிரவில்லை. நான் மோரை இலைக்கு வெளியே ஊற்றினேன். அத்தை ஏனோ பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்கள்.

ஆனி 22, வெள்ளி

எனக்கு எண்ணெய்க் குளியல். சீயக்காய் கரைத்து வைத்திருந்தேன். தலையில் வைக்கக் கொடுத்து வைக்கவில்லை.

மழையால் ரோடு வேலை இல்லை. அவர் கிளட்ச்சையே பிரித்துவிட்டார். உள்ளே வட்டத் தட்டுகள், ஆப்பம் போல அடுக்கு. ஒன்று இரும்பு, அடுத்தது சொரசொரப்பான பட்டை ஒட்டியது. ஒன்றையொன்று கவ்வினால்தான் சக்கரம் சுற்றும். சொட்டு எண்ணெய் ஆகாதாம். ஆனால் எல்லாம் சொதசொத. "என்ஜின் எண்ணெய் கசியுது. என்ஜினையே பிரிக்கணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள நடக்காது" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு தட்டை எடுத்து முகர்ந்தேன். என்ஜின் எண்ணெயா அது? நல்லெண்ணெய். பட்டை இடுக்கில் ஒரு மிளகு. மிளகும் பச்சரிசியும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். இந்த வீட்டில் அதைக் காய்ச்சுவது ஒரே ஆள்.

கிணற்றடிக்குப் போனேன். அத்தை என் கையிலிருந்த மிளகைப் பார்த்தார்கள். வாளியைக் கீழே வைத்தார்கள்.

"சனிக்கெழம அவன் தலைக்குத் தேச்ச மிச்சம்ட்டி. பிடியப் பிடிச்சா கடகடங்குது. காஞ்சு கெடக்குன்னு நெனச்சேன். மூடியில ஓட்டை இருந்துச்சு, ஊத்துனேன். மாமாட்ட சொல்லிராத."

"நீங்க எதுக்கு அத்தை அதுக்குப் போயி?"

"நீ அதுல போயிட்டு வந்தா ஒரு வாரம் மொகம் தெளிஞ்சு இருக்க. அது ஓடணும்லா."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த அத்தையைப் பற்றி இதே நோட்டில் போன மாதம் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும்.

பெட்ரோலில் கழுவலாம், ஆனால் டாங்கில் இருப்பதே கொஞ்சம். என் சீயக்காய்ச் சட்டியைக் கொண்டு போய் வைத்தேன். "கிளட்சுக்குச் சீயக்காயா?" என்றார். "எண்ணெய் தேச்ச தலைக்கு வேற என்னத்தப் போட? ஞாயித்துக்கெழம ஒரு மேட்டுக்குத் தாங்குனாப் போதும்லா" என்றேன். வெந்நீர் விட்டு, ஒவ்வொரு தட்டாகத் தேய்த்து, மூன்று தண்ணீர் மாற்றி. வெயில் எங்கே? அத்தை சாம்பிராணிக் கரிச்சட்டியைக் கொண்டுவந்து, கூடையைக் கவிழ்த்து, தட்டுகளை அதன்மேல் பரப்பினார்கள். பழக்கத்தில் ஒரு பிடி சாம்பிராணியும் போட்டுவிட்டார்கள்.

மாமா நடையிலிருந்து: "யாருக்குப் பிள்ளை பொறந்திருக்கு?"

ஆனி 23, சனி

கொஞ்சம் வெளிச்சம். தட்டுகள் நன்றாகக் காய்ந்தன. பூட்டியாயிற்று.

அவருக்கு எண்ணெய் தேய்த்து முடித்ததும் அத்தையின் கால் கிண்ணத்தோடு கொட்டகைப் பக்கம் போனது. "அத்தை!" என்றேன். "சும்மா பாக்கப் போனேம்ட்டி." மிச்ச எண்ணெயைத் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டார்கள்.

தேங்காய் வாங்க மறந்தது. நாளைக்குப் புடவை: பச்சை. நனைந்தாலும் சாயம் போகாது.

ஆனி 24, ஞாயிறு

பொடிச் சாரல். மாமா வாசலில். "ஏறலேன்னா அப்படியே செங்கோட்டைக்கு விட்டுரு." அத்தை வண்டிக்குத் திருநீறு பூசினார்கள். எண்ணெய் இல்லை, நல்லவேளை.

மேடு வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். என்ஜின் சத்தம் கூடியது, கூடவே வண்டியும் ஏறியது. கிளட்ச் பிடித்துவிட்டது! சூடேறச் சூடேறக் காலுக்குக் கீழேயிருந்து சாம்பிராணி வாசனை. அருவிக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அவரிடம் மிளகு விஷயத்தைச் சொன்னேன். வேறு எங்கே வைத்துச் சொல்ல? வண்டி கோணலாகப் போகும் அளவுக்குச் சிரித்தார். பிறகு "எம்மா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னது கேட்டது.

மேடு முடிந்து, மரங்கள் சொட்டுகிற இடத்தில், "கோமதி!" என்றார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கூப்பிட்டு ஒரு வாரமாச்சுல்லா."